பூட்டிய கதவுகள் யாருக்காக?

இயேசு கிறிஸ்து உயிர்த்தெழுந்த நாளின் மாலையில் சீஷர்கள் கூடியிருந்த வீட்டின் கதவுகள் பூட்டப்பட்டிருந்தன. அவற்றைப் பூட்டியது பக்தி அல்ல, பயம் என்பதை யோவான் சிறிதும் மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார். ஆண்டுதோறும் உயிர்த்தெழுதல் பண்டிகையன்று இப்பகுதியை வாசிக்கும் சபைகள், அந்தப் பூட்டை ஒரு சிறு விவரமாகவே கடந்து சென்றன. 2020 ஏப்ரல் 12 அன்று நிலைமை மாறியது. தேசமெங்கும் ஆலயக் கதவுகள் சாத்தப்பட்டிருந்தன. வெறுமையான இருக்கைகளுக்கு முன்பாகப் போதகர் நின்று, எதிரே நிறுத்திய கைப்பேசியைப் பார்த்து, கர்த்தர் உயிர்த்தெழுந்தார் என்று அறிவித்தார். சீஷர்களின் அந்த மாலைப்பொழுது எப்படிப்பட்டது என்பதை இந்தியத் திருச்சபை அந்த ஆண்டில் உள்ளிருந்தே அறிந்துகொண்டது.

அப்போது எழுந்த கேள்வி இன்னும் முழுமையாக விடை பெறவில்லை. சபை தன் கதவைப் பூட்டியது விசுவாசத்தினாலா, அவிசுவாசத்தினாலா? பிறர்மேல் கொண்ட அன்பினாலா, தன் உயிர்மேல் கொண்ட அச்சத்தினாலா? வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு பூட்டும் ஒன்றுபோலவே தோன்றும். கொள்ளைநோய் தணிந்துவிட்டதால் கேள்வியும் தணிந்துவிட்டது என்று எண்ணுவதற்கில்லை. இன்னொரு நோயோ, வெள்ளமோ, கலகமோ வரும்போது இதே கேள்வி மீண்டும் வாசலில் நிற்கும்.

இக்கேள்வியைச் சிந்திக்கச் சந்தாபுரா போன்ற ஓர் இடம் ஏற்றது. பெங்களூரிலிருந்து ஒசூர் செல்லும் நெடுஞ்சாலையில், எலக்ட்ரானிக் சிட்டியையும் பொம்மசந்திராவையும் கடந்தபின், ஆனேக்கல்லுக்குச் சாலை பிரியும் இடத்தில் அது அமைந்திருக்கிறது. ஆனேக்கல் தாலுகா ஒருகாலத்தில் கேழ்வரகு வயல்களுக்கும் ஏரிகளுக்கும் பட்டு நெசவுக்கும் உரிய நாட்டுப்புறம். இன்று பொம்மசந்திரா, ஜிகனி, அத்திப்பள்ளி ஆகிய தொழிற்பேட்டைகள் அதைச் சூழ்ந்து நிற்கின்றன. வயலின் ஓரத்தில் அடுக்குமாடி. அதன் பின்புறத்தில் தகரக்கூரை வேய்ந்த ஒற்றை அறை வரிசைகள். கன்னடம் பேசும் பழங்குடிகளோடு, கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களும், ஆந்திரத்திலிருந்து வந்தோரும், ஒடிசா, பீகார், அஸ்ஸாம் இளைஞர்களும் அங்கே வாழ்கிறார்கள். ஊரா நகரமா என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் சொல்ல இயலாது.

இத்தகைய புறநகர்களில் சபை என்பது ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் மட்டுமல்ல. சொந்த ஊரில் ஒருவனுக்கு மாமனும் சித்தப்பாவும் ஊர்ப் பெரியவரும் செய்யும் காரியங்களை இங்கே சபையே செய்கிறது. வாடகைக்கு வீடு தேடித் தருவதும், வேலையிழந்தவனுக்கு வேறிடம் சொல்வதும், பிரசவத்துக்குத் துணை போவதும், மரித்தவரை அடக்கம்பண்ணுவதும் சபையாரே. தலைமுறை தலைமுறையாக ஒரே ஊரில் வாழும் குடும்பத்துக்கு ஆலயம் மூடப்பட்டால் ஆராதனை நின்றுபோகும், உறவு நிற்காது. சந்தாபுராவின் ஒற்றை அறையில் வாழ்பவனுக்கோ ஆலயத்தோடு உறவும் மூடப்பட்டது. கதவைப் பூட்டுவது சரியா என்ற கேள்வி அங்கே புத்தகக் கேள்வி அல்ல.

2020 மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் அறிவித்தார்; நள்ளிரவு முதல் 21 நாள் ஊரடங்கு தொடங்கியது. வழிபாட்டிடங்கள் அனைத்தும் பொதுமக்களுக்கு மூடப்பட்டன. அடக்க ஆராதனைக்கு 20 பேருக்கு மேல் கூடலாகாது என்றது ஆணை. ஊரடங்கு மே 31 வரை மும்முறை நீட்டிக்கப்பட்டது. ஜூன் 8 முதலே வழிபாட்டிடங்கள் நிபந்தனைகளோடு திறக்க அனுமதி கிடைத்தது.

ஆணைக்குக் கீழ்ப்படிந்தோம், அவ்வளவுதான் என்று சிலர் முடித்துக்கொண்டார்கள். அதிகாரத்துக்குக் கீழ்ப்படிதல் வேதம் கற்பிக்கும் கடமைதான். ஆனால் தானியேல் அரச ஆணைக்கு மாறாக மேலறையின் பலகணிகளைத் திறந்துவைத்து ஜெபித்ததும் அதே வேதத்தில்தான் இருக்கிறது. ஆகவே ஆணை என்ற ஒரு காரணம் மட்டும் போதாது. தானியேலுக்கு வந்த ஆணை தேவனைத் தொழுவதையே விலக்கியது. 2020-ல் வந்த ஆணை திருமலைக்கும் வேளாங்கண்ணிக்கும் மசூதிகளுக்கும் ஒன்றுபோல் பொருந்தியது. எவருடைய தொழுகையையும் அது விலக்கவில்லை, கூட்டத்தையே விலக்கியது. அந்த வேறுபாட்டைக் காணாமல் உபத்திரவம் வந்துவிட்டதென்று முறையிட்டவர்கள், மெய்யாகவே உபத்திரவப்படும் சபைகளின் கண்ணீரை எளிதாக்கிவிட்டார்கள்.

வேறு சிலர் 91-ஆம் சங்கீதத்தைக் கையிலெடுத்தார்கள். கொள்ளைநோய் அணுகாது என்ற வாக்குத்தத்தம் இருக்க, விசுவாசி ஏன் வீட்டில் ஒடுங்க வேண்டும் என்று கேட்டார்கள். அந்தச் சங்கீதம் எத்தனையோ நோயாளிகளின் படுக்கையருகே வாசிக்கப்பட்டு ஆறுதல் தந்தது, அதில் ஐயமில்லை. ஆயினும் நற்செய்தி நூல்களில் அச்சங்கீதத்தை எடுத்துச் சொன்னவன் யார் என்பதை நினைவுகூர வேண்டும். தேவாலயத்தின் உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, கீழே குதியும், தூதர்கள் தாங்குவார்கள் என்று சோதனைக்காரன் சொன்னபோது அவன் காட்டிய ஆதாரம் அதுவே. இயேசு குதிக்கவில்லை. பிதாவின் பாதுகாப்பைச் சந்தேகித்ததனால் அல்ல. பாதுகாப்பைப் பரீட்சித்துப் பார்ப்பது விசுவாசம் ஆகாது என்பதனால். இங்கே இன்னொன்றும் உண்டு. உப்பரிகையிலிருந்து குதிப்பவன் தன் உயிரை மட்டுமே பணயம் வைக்கிறான். கொள்ளைநோய்க் காலத்தில் கூட்டம் கூட்டுபவன் அடுத்த வீட்டு முதியவளின் உயிரையும் சேர்த்துப் பணயம் வைக்கிறான். அவளிடம் அவன் அனுமதி கேட்பதில்லை.

இது வெறும் ஊகமல்ல. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் பள்ளத்தாக்குப் பாடகர் குழுவினர் 61 பேர் 2020 மார்ச் 10 அன்று ஓர் ஆலயத்தில் பாடல் பயிற்சிக்குக் கூடினார்கள். நோய் உறுதியானவரும் அறிகுறி கண்டவருமாக அவர்களில் 53 பேர் நோயுற்றனர். 2 பேர் மரித்தனர். பாடியதே அவர்கள் செய்த காரியம். நமது தேசத்திலும் 2021 ஏப்ரலில், இரண்டாம் அலை எழும்பிக்கொண்டிருந்த வேளையில், தென்னிந்தியத் திருச்சபையின் தென்கேரளப் பேராயத்து ஆயர்கள் மூணாற்றில் தியானக் கூடுகை நடத்தினார்கள். அதன்பின் அவர்களில் பலர் தொற்றுக்குள்ளாயினர், சிலர் மரித்தனர், வழக்கும் பதிவாயிற்று. அதற்கு ஓராண்டுக்கு முன்பு டெல்லி நிஜாமுதீனில் நடந்த கூட்டத்தைக் காட்டி, தேசத்தின் இஸ்லாமியர் அனைவரையும் நோய் பரப்புவோர் என்று பழித்த குரல்களில் கிறிஸ்தவக் குரல்களும் கலந்திருந்தன. அண்டை அயலாருக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லலாகாது என்ற கற்பனை கொள்ளைநோய்க் காலத்தில் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்படவில்லை. மூணாற்றுச் செய்தி வந்தபோது அக்குரல்கள் அமைதியாகிவிட்டன.

1527-ல் விட்டன்பர்க் நகரில் கொள்ளைநோய் பரவியபோது மார்ட்டின் லூத்தர் இதே சிக்கலில் நின்றார். பல்கலைக்கழகம் யேனாவுக்கு மாற்றப்பட்டது. அவரும் புறப்பட வேண்டுமென்று ஆட்சியாளர் விரும்பினார். அவர் போகவில்லை. வீட்டையே நோயாளிகளுக்கு இடமாக்கினார். பிரெஸ்லாவ் நகரத்துப் போதகர் யோஹான் ஹெஸ் கேட்டதற்கு மறுமொழியாக ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அதன் சாரம் இரு பக்கமும் வெட்டக்கூடியது. மருந்தை வெறுத்து, தொற்றுள்ள இடங்களில் வீம்பாகத் திரிபவனை அவர் கண்டிக்கிறார். அவன் பிறருடைய சாவுக்குக் காரணமாகிறான். தேவையற்ற இடத்துக்குப் போகாதிருப்பதே நலம் என்கிறார். ஆனால் அயலான் உதவிக்கு அழைத்தால் தயங்காமல் போக வேண்டும் என்கிறார். போதகரும், நகரை ஆள்வோரும், நோயாளியின் பொறுப்பை ஏற்றவரும் தங்கள் இடத்தை விட்டு ஓடலாகாது என்றும் சொல்கிறார். கொரோனாக் காலத்தில் அக்கடிதத்தின் முதற்பாதியே அதிகம் பகிரப்பட்டது. இரண்டாம் பாதி அதே அளவு வாசிக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

ஆகவே கதவைப் பூட்டியது சரியே என்று துணிந்து சொல்லலாம். எகிப்தில் சங்காரம் கடந்துபோன இரவில் இஸ்ரவேலர் எவரும் விடியுமட்டும் வீட்டு வாசலைத் தாண்டலாகாது என்று கட்டளை பெற்றிருந்தார்கள். முதல் பஸ்கா ஆலயமின்றி, பூட்டிய வீடுகளுக்குள், குடும்பம் குடும்பமாகவே ஆசரிக்கப்பட்டது. அண்டை வீட்டாரையும் சேர்த்துக்கொள்ளும்படி அக்கட்டளையில் ஒரு குறிப்பு உண்டு. ஓர் ஆட்டுக்குப் போதாத சிறு குடும்பம் அயலானோடு சேர்ந்துகொள்ள வேண்டும். சிறு குடும்பத்துக்குச் செலவு மிஞ்சிவிடாதபடி கர்த்தர் பார்த்துக்கொண்டார். பூட்டிய கதவு என்றால் தனித்துவிடப்பட்ட வீடு என்று பொருளல்ல.

பொதுமுடக்கத்தின் உண்மையான சோதனை இங்கேதான் தொடங்கியது. வீட்டிலிருங்கள் என்ற சொல், வீடு உடையவனுக்கே சொல்லப்பட்ட சொல். பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர், பத்துக் குடும்பங்களுக்கு இரண்டு கழிப்பறை, வாரக்கூலி நின்றுபோன பை. இந்த நிலையில் விலகியிருத்தல் எவ்வாறு கூடும்? ஒரு மாத வாடகையைத் தொழிலாளரிடம் வற்புறுத்தலாகாது என்று மத்திய உள்துறை மார்ச் 29 அன்று ஆணையிட்டது. ஆணை டெல்லியில் பிறந்தது. வாடகை வாசலில் வந்து நின்றது. அறைகளை வாடகைக்கு விட்டு அதிலேயே பிழைக்கும் சிறிய வீட்டுக்காரர்களும் சபைகளில் உண்டு. பூட்டிய கதவு அன்பின் கதவா என்பது அவர்களுடைய வீடுகளில், மாதத்தின் முதல் வாரத்தில் தீர்மானிக்கப்பட்டது; பிரசங்க பீடத்தில் அல்ல.

மே மாதத்தில் வேறொரு காட்சி. ஊர் திரும்ப விரும்பிய தொழிலாளருக்காக மே 1 முதல் சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கின. மே 5 அன்று கட்டுமான நிறுவனங்களின் பிரதிநிதிகளோடு நடந்த ஆலோசனைக்குப் பின், கர்நாடக அரசு அந்த ரயில்களை நிறுத்தும்படி ரயில்வேக்கு எழுதியது. எங்கும் கண்டனம் எழுந்தபின் ஓரிரு நாட்களில் அம்முடிவு மாற்றப்பட்டது. வேலை இருக்கும்போது தேவைப்பட்டவர்கள், வேலை இல்லாதபோது போகவும் முடியாதவர்களானார்கள். மோசேயின் முன் பார்வோன் சொன்னதை நினைக்காமல் இதை வாசிப்பது எளிதல்ல. ஆனால் சபை அரசை மட்டும் குறைசொல்லித் தப்பிக்கொள்ள முடியாது. கட்டப்பட்டுக்கொண்டிருந்த அந்த அடுக்குமாடிகளில் வீடு வாங்கப் பணம் கட்டியவர்களில் விசுவாசிகளும் இருந்தார்கள்.

நாட்டுப்புறங்களில் கதவு முள்ளாயிற்று. 2020 மார்ச் இறுதியில் தென்னிந்தியச் சிற்றூர்கள் பலவற்றில் ஊர்முகப்பில் முள்ளும் மரக்கிளைகளும் போட்டு வழியடைத்தார்கள். மருத்துவமனை தொலைவில் இருக்கும் ஊரார் வேறென்ன செய்வார்கள்? முள்ளைப் போட்டதில் குற்றமில்லை. முள்ளுக்கு அப்பால் நிற்பவனுக்குச் சோறு போனதா என்பதே கேள்வி. மேற்கு வங்காளத்தின் புருலியா மாவட்டத்தில், சென்னையிலிருந்து திரும்பிய 7 தொழிலாளர்கள், தனியறை இல்லாத தங்கள் குடிசைகளுக்குள் நுழையாமல், ஊரருகே மரத்தின் கிளைகளில் கட்டில்களைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கினார்கள். உணவும் தண்ணீரும் ஊரிலிருந்து வந்தது. மரத்தில் இருந்தவன் வீட்டாரைக் காத்தான். வீட்டார் மரத்தில் இருந்தவனைக் காத்தார்கள். கல்விமான்கள் பலர் நூல்களில் தேடிய விடையை அந்தக் கூலியாட்கள் ஒரு மரத்தில் ஏறி அமர்ந்து தந்துவிட்டார்கள்.

அதற்கு மூன்று வாரங்கள் கழித்துச் சென்னையில் நடந்ததை இதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். ஏப்ரல் 19 அன்று நரம்பியல் அறுவைச் சிகிச்சை மருத்துவர் சைமன் ஹெர்குலஸ் கொரோனாவினால் மரித்தார். கிறிஸ்தவராகிய அவரை அடக்கம்பண்ணக் கொண்டுசென்றபோது, நோய் பரவும் என்ற வதந்தியால் மக்கள் திரண்டு தடுத்தார்கள். வேறிடத்துக்குக் கொண்டுசென்றபோது கல்லும் கட்டையும் கொண்டு தாக்கினார்கள். ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைந்தது. குடும்பத்தார் விலகிப்போக நேர்ந்தது. நள்ளிரவுக்குப் பின் உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவர், மருத்துவமனை ஊழியர் இருவரோடு, தம் கைகளாலேயே மண்ணைத் தள்ளி அவரை அடக்கம்பண்ணினார். அந்த மருத்துவர் கிறிஸ்தவர் அல்லர்.

புருலியாவில் விலகல்; சென்னையிலும் விலகல். இரண்டுக்கும் காரணம் ஒரே நோய். முன்னதில் விலகியவன் மற்றவனை நினைத்தான். பின்னதில் விலக்கியவன் தன்னை மட்டுமே நினைத்தான். அச்சம் பாவமல்ல, அச்சமில்லாதவன் முகக்கவசம் அணியமாட்டான். மரித்தவனுக்கு ஆறடி நிலமும் இல்லை என்று சொல்லும்படி அச்சம் வளரும்போதே அது வேறொன்றாக மாறுகிறது.

பெங்களூருக்கு இது புதிய அனுபவமும் அல்ல. 1898-ல் நகரத்தில் பிளேக் நோய் புகுந்தபோது ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டு வெளியேறி வெட்டவெளியில் குடிசை போட்டுக்கொண்டார்கள். நெருக்கமான பழைய பேட்டைக்கு வெளியே மல்லேஸ்வரமும் பசவனகுடியும் விரிந்து வளர்ந்ததற்கு அந்நோயும் ஒரு காரணம். பம்பாயில் பிளேக் பரவியபோது 1897-ல் இயற்றப்பட்ட தொற்றுநோய்ச் சட்டமே 2020-லும் பயன்படுத்தப்பட்டது. அன்று அதிகாரிகள் வீடு வீடாகப் புகுந்து சோதித்த முறையினால் ஜனங்கள் நோயாளிகளை ஒளித்துவைத்தார்கள். வற்புறுத்திப் பூட்டும் கதவுக்குப் பின்னால் நோய் மறைந்துகொள்ளும். அன்பினால் பூட்டும் கதவுக்குப் பின்னால் நோயாளி தன் நோயை மறைக்க வேண்டியதில்லை.

ஞாயிறு ஆராதனை கைப்பேசிக்கு மாறியதைக் குறித்து அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெளிநாட்டிலிருந்த பிள்ளைகளும் ஒரே திரையில் கூடியது ஒரு நன்மை. ஆனால் ஒரு குடும்பத்தில் ஒரே கைப்பேசி; பகலில் அது பிள்ளையின் வகுப்புக்கு, இரவில் அது தகப்பனிடம். அப்படிப்பட்ட வீட்டில் தாயும் பாட்டியும் எந்தச் சபைக்கு அங்கத்தினர்? வாசலில் நின்று, ஆறடி விலகி, பெயர் சொல்லி அழைத்து ஜெபித்துச் சென்ற போதகர்களின் ஊழியம் எந்தப் பதிவிலும் இல்லை.

காணிக்கைப் பை நின்றுபோனதையும் சொல்ல வேண்டும். கிராமங்களில் சிறிய உதவித்தொகையில் பணிசெய்யும் ஊழியர்களின் அடுப்பு, தூரத்து நகரச் சபைகளின் ஞாயிற்றுக்கிழமையை நம்பி எரிகிறது. கூடுகை நின்றதும் அந்த அடுப்புகள் தணிந்தன. மிசோரம் சபைகளில் ஒவ்வொரு வேளை சமைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று எடுத்துவைக்கும் வழக்கம் நூறாண்டுக்கு மேலாக இருக்கிறது. ஏழைப் பெண்கள் அந்தப் பிடியரிசியால் ஊழியத்தைத் தாங்கினார்கள். அதற்கு ஆலயம் திறந்திருக்க வேண்டியதில்லை. அடுப்பு எரிந்தால் போதும்.

நிவாரணப் பொருள் கொடுத்தவர்கள் ஏராளம். கர்த்தர் அவர்களை ஆசீர்வதிப்பாராக. கொடுக்கும்போது படம் எடுத்தவர்களும் ஏராளம். ஐந்து கிலோ அரிசிப் பைக்கு ஒரு முனையில் பத்துக் கைகள், மறுமுனையில் தலைகுனிந்த ஒரு பெண். கணக்குக் காட்டப் படம் வேண்டும் என்பது நியாயமான பதில்தான், நன்கொடையாளர் கேட்கிறார்கள். பையைப் படமெடுக்கலாமே, அவள் முகத்தை ஏன்? சம்பளம் வாங்கி வாழ்ந்தவள், மூன்று வாரத்தில் யாசிப்பவளாக ஆக்கப்பட்டாள். அந்தப் படம் அவள் பிள்ளையின் பள்ளித் தோழன் கைப்பேசிக்கும் போகும்.

ஜூன் 8-க்குப் பின் சபைகள் படிப்படியாகத் திறந்தன. பாடகர் குழு பாடலாகாது. 65 வயதைக் கடந்தோரும் 10 வயதுக்குட்பட்டோரும் வீட்டிலிருப்பது நலம் என்றன விதிகள். மறு ஆண்டு ஏப்ரல் இறுதியில் கர்நாடகம் மீண்டும் முடங்கியது. அதன்பின் எல்லாம் திறந்தன. யோவான் எழுதிய அந்த முதல் மாலையில் தோமா அங்கில்லை. எங்கிருந்தான் என்று வேதம் சொல்லவில்லை. மற்றச் சீஷர்கள் அவனைக் கண்டு சொன்னார்கள் என்று மட்டும் சொல்கிறது. எட்டு நாளைக்குப் பின்பு கதவுகள் மறுபடியும் பூட்டியே இருந்தன. அந்த முறை தோமா உள்ளே இருந்தான்.

தொழிற்பேட்டைகளைச் சுற்றியுள்ள சபைகளில் 2020 மார்ச் வரை வந்தவர்களின் பெயர்கள் வருகைக் குறிப்பேடுகளில் இருக்கின்றன. அவர்களில் சிலர் ஒடிசாவிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் திரும்பி வந்தார்கள். சிலர் ஊரிலேயே நின்றுவிட்டார்கள். சிலர் திரும்பி வந்தும், வேறு ஆலையில், ஞாயிற்றுக்கிழமையும் ஓடும் முறைவேலையில் சேர்ந்து, பழைய வீட்டுக்கு நான்கு தெரு தள்ளிக் குடியிருக்கிறார்கள். கைப்பேசி எண் மாறிவிட்டது. அவர்களைத் தேடிப் போவதற்கு இப்போது எந்த ஆணையும் தடையாக இல்லை.